ஓவன் கோய்ல்: அடியில் கிடந்த சென்னையின் எஃப்.சி.யை ஃபைனலுக்குக் கூட்டிட்டுப் போன ஸ்காட்லாந்துக்காரர்... ஒரு கோச்சால் எவ்வளவு மாற்ற முடியும்?

முதல் 6 ஆட்டத்தில் 4 கோல். அடுத்த 12 ஆட்டத்தில் 28 கோல்.

இது ரெண்டு வேற வேற அணியோட கணக்கு இல்லைங்க. 2019-20 ஐ.எஸ்.எல். சீசனில் சென்னையின் எஃப்.சி. என்ற ஒரே அணியின் கணக்கு. வீரர்களும் பெரும்பாலும் அதே வீரர்கள்தான். நடுவில் மாறியது ஒரே ஒரு நாற்காலி, கோச்சோட நாற்காலி. அதில் வந்து உட்கார்ந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் கோய்ல்.

இதே கோய்ல் 2023-ல் மறுபடியும் சென்னைக்கு வந்தார். அப்போது அந்த மாயம் நடக்கவில்லை. 2025-ல் விடைபெற்றார்.

ஒரே ஆள், ஒரே ஊர், ஒரே அணி. முதல் தடவை நடந்தது ரெண்டாவது தடவை ஏன் நடக்கவில்லை? அதைப் புரிந்துகொள்ள அவரோட 40 ஆண்டுப் பயணத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

யார் இந்த ஓவன் கோய்ல்?

1966 ஜூலை 14-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பிறந்தவர். வளர்ந்தது கிளாஸ்கோவின் தொழிலாளர் பகுதியான கோர்பல்ஸில். குடும்பத்தின் வேர் அயர்லாந்தில். சகோதரர்களும் கால்பந்து ஆடியவர்கள்தான்.

1980-களின் நடுவில் டம்பார்ட்டன் என்ற சின்ன கிளப்பில் ஸ்ட்ரைக்கராக ஆரம்பித்தார். கோல் அடிப்பதுதான் வேலை. கிளைட்பேங்க், ஏர்ட்ரி என்று ஸ்காட்லாந்துக்குள்ளேயே சுற்றிவிட்டு, 1993-ல் இங்கிலாந்தின் போல்ட்டன் வாண்டரர்ஸுக்குப் போனார்.

அங்கே அவர் பெயர் நிலைத்தது ஒரு ஆட்டத்தால். 1995, லண்டன் வெம்பிளி மைதானம். ஜெயித்தால் பிரீமியர் லீக், தோற்றால் இன்னொரு வருடம் கீழேயே. ரெடிங் அணிக்கு எதிராக போல்ட்டன் 0-2 என்று பின்தங்கிக் கிடந்தது. 75-வது நிமிடத்தில் கோய்ல் ஒரு கோல் போட்டார். அந்த ஒரு கோலில் ஆட்டமே திரும்பியது. கூடுதல் நேரத்தில் 4-3 என்று போல்ட்டன் ஜெயித்தது.

இங்கே ஒரு குழப்பம் பலருக்கும் வரும். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், ஆனால் சர்வதேச ஆட்டம் ஆடியது அயர்லாந்து குடியரசுக்காக. காரணம் அந்த அயர்லாந்து வம்சாவளிதான். அதுவும் ஒரே ஒரு ஆட்டம். 1994-ல் நெதர்லாந்துக்கு எதிராக மாற்று வீரராக இறங்கினார். அதோடு சரி.

மொத்தத்தில் பெரிய நட்சத்திரம் இல்லை. ஆனால் உழைத்துக்கொண்டே இருந்தவர். டண்டீ யுனைடெட், மதர்வெல், டன்ஃபெர்ம்லைன், ராஸ் கவுண்டி, ஃபால்கர்க் என்று ஊர் ஊராக ஆடினார். ஃபால்கர்க்கில்தான் 2003-ல் ஜான் ஹியூஸுடன் சேர்ந்து கோச் பொறுப்பையும் பார்த்தார்.

ஒரு நிமிடத்தில் நழுவிய பதவி உயர்வு

2005-ல் செயின்ட் ஜான்ஸ்டன் அணியில் முழுநேர மேனேஜர். இரண்டாவது நிலை லீக்கில் இருந்த அணி. 2006-ல் கிளாஸ்கோவின் பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸை, அதன் சொந்த மைதானத்திலேயே 2-0 என்று லீக் கோப்பையில் வீழ்த்தினார்கள்.

2007 ஏப்ரல், லீக்கின் கடைசி நாள். செயின்ட் ஜான்ஸ்டன் தன் ஆட்டத்தை ஜெயித்துவிட்டது. போட்டி அணியான கிரெட்னா வேறொரு ஊரில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் டிராவில் முடிந்தாலே கோய்ல் அணிக்கு பதவி உயர்வு. ஆனால் ஆட்டம் முடியப்போகிற கடைசி நேரத்தில் கிரெட்னா கோல் அடித்துவிட்டது. ஒரே ஒரு புள்ளியில் எல்லாம் போச்சு.

விருதுநகர் அளவு ஊர், பிரீமியர் லீக் கனவு

2007 நவம்பரில் இங்கிலாந்தின் பர்ன்லி அணி கோய்லை அழைத்தது.

பர்ன்லி எப்படிப்பட்ட ஊர்? விருதுநகர்க்காரர்களுக்கு ஈஸியாகப் புரியும். விருதுநகர் நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி சுமார் 72 ஆயிரம். பர்ன்லியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். தொழில் என்று பார்த்தால் ராஜபாளையம் மாதிரி ஒரு பஞ்சாலை ஊர். ஒரு காலத்தில் தறிச் சத்தம் ஓயாத ஊர். பிறகு ஆலைகள் மூடப்பட்டன, வேலைகள் போயின. மிச்சம் இருந்த பெருமை அந்த கால்பந்து அணிதான். மைதானத்தில் சுமார் 22 ஆயிரம் பேர் உட்காரலாம். அதாவது, ஊரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு!

அந்த அணி இங்கிலாந்தின் முதல் டிவிஷனை விட்டு இறங்கியது 1976-ல். அதன் பிறகு மேலே போகவே இல்லை.

2008-09 சீசனில் கோய்லின் சின்ன அணி லீக் கோப்பையில் செல்சியை பெனால்டியில் வெளியேற்றியது. ஆர்சனலை 2-0 என்று வீழ்த்தியது. அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் டாட்டன்ஹாமை 3-0 என்று ஓட ஓட விரட்டி, கூடுதல் நேரம் முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது கோல் வாங்கி வெளியேறியது. ஆனாலும் அந்தச் சின்ன அணி துவளவில்லை.

2009 மே 25, மறுபடியும் வெம்பிளி. ஷெஃபீல்டு யுனைடெடுக்கு எதிராக வேட் எலியட் அடித்த ஒரே கோல். 33 வருடத்துக்குப் பிறகு பர்ன்லி முதல் நிலை லீக்கில்! ஆகஸ்ட்டில் சொந்த ஊரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே நடப்பு சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெடை 1-0 என்று சாய்த்தது. ஊரே தெருவுக்கு வந்தது.

பாதியில் இறங்கியவர்

அடுத்து நடந்ததை பர்ன்லி ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை.

2010 ஜனவரி. பர்ன்லி 14-வது இடம். போல்ட்டன் 18-வது இடம், அதாவது லீக்கை விட்டு இறங்கும் பகுதி. கோய்ல் தான் ஆடிய பழைய கிளப்பான போல்ட்டனுக்கே சீசன் நடுவில் போய்விட்டார். ரசிகர்கள் 'துரோகி' என்றார்கள்.

சீசன் முடிவில் என்ன ஆச்சு தெரியுமா? போல்ட்டன் 14-வது இடம். பர்ன்லி 18-வது இடம். இடம் அப்படியே தலைகீழ். பர்ன்லி ஒரே வருடத்தில் கீழே இறங்கியது.

அணியில் ஒரு கோச்சின் பங்கு எவ்வளவு என்பதற்கு இதை ஒரு சாட்சியாகச் சொல்வார்கள். ஆனால் அதே கோய்லின் போல்ட்டன் 2012-ல் ஒரே ஒரு புள்ளி குறைவால் பிரீமியர் லீக்கை விட்டு இறங்கியது. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

78 நிமிடம் நின்ற இதயம்

அந்த 2012 சீசனில் புள்ளிப்பட்டியலை விடப் பெரிய ஒன்று நடந்தது.

மார்ச் 17, எஃப்.ஏ. கோப்பை காலிறுதி. டாட்டன்ஹாம் மைதானத்தில் போல்ட்டனின் 23 வயது வீரர் ஃபேப்ரிஸ் முவாம்பா ஆடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தார். யாரும் மோதவில்லை. இதயம் நின்றுவிட்டது. மருத்துவக் குழு களத்திலேயே மார்பை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்தது. பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு இதய நிபுணர் இறங்கி ஓடிவந்து உதவினார். ஆட்டம் கைவிடப்பட்டது.

மருத்துவமனைக்கு உடன் போனவர்களில் கோய்லும் ஒருவர். 78 நிமிடம் முவாம்பாவின் இதயம் தானாகத் துடிக்கவில்லை. ஆனாலும் பிழைத்தார். அதன் பிறகு அவர் ஆடவில்லை, ஆனால் உயிரோடு இருக்கிறார். காரணம், விழுந்த உடனே தொடங்கிய மார்பு அழுத்தமும், கையருகே இருந்த மின் அதிர்ச்சிக் கருவியும்தான். நம்ம ஊர் பள்ளி, கல்லூரி மைதானங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

சறுக்கல் காலம்

2012 அக்டோபரில் போல்ட்டன் அவரை நீக்கியது. அதன் பிறகு வரிசையாகச் சறுக்கல்.

விகன் அத்லெட்டிக்: 2013 ஜூனில் சேர்ந்தார், டிசம்பரில் வெளியே. ஆறு மாதம்கூட ஆகவில்லை.

ஹூஸ்டன் டைனமோ, அமெரிக்கா: 2014 டிசம்பர் முதல் 2016 மே வரை. பிளேஆஃப் பக்கம் போக முடியவில்லை.

பிளாக்பர்ன் ரோவர்ஸ்: 2016-ல் சேர்ந்தார். இது பர்ன்லியின் பரம எதிரி கிளப். 'பர்ன்லிக்காரன் இங்கே எதுக்கு?' என்று ரசிகர்களுக்கு ஆரம்பத்திலேயே கசப்பு. இன்னொரு விஷயம், இந்த கிளப்பின் உரிமையாளர் நம்ம புனேயின் வெங்கீஸ் கோழி நிறுவனம். 2017 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். அந்த சீசனில் பிளாக்பர்ன் மூன்றாம் நிலைக்கு இறங்கியது.

ராஸ் கவுண்டி, ஸ்காட்லாந்து: 2017 செப்டம்பரில் சேர்ந்தார், 2018 மார்ச்சில் விலகினார்.

ஐரோப்பாவில் 'முடிந்துபோன ஆள்' என்று பேசப்பட்ட நேரத்தில்தான் சென்னையில் இருந்து அழைப்பு வந்தது.

சென்னையில் என்ன மாறியது?

2019 நவம்பர் இறுதியில், சென்னைக்கு 2018-ல் ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கிக் கொடுத்த ஜான் கிரிகோரி விலகினார். அப்போது 6 ஆட்டத்தில் ஒரே வெற்றி, 5 புள்ளி. முதல் 4 ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை!

டிசம்பர் தொடக்கத்தில் கோய்ல் வந்தார். முதல் ஆட்டம் டிரா. பிறகு ஒரு வெற்றி, அடுத்து இரண்டு தோல்வி. 'இவரும் இப்படித்தானா?' என்ற பேச்சு எழுந்த நேரத்தில் ஜனவரியில் அணி கிளம்பியது. கடைசி 8 ஆட்டத்தில் தோல்வியே இல்லை. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று வீழ்த்தியது அந்த சீசனின் மறக்க முடியாத இரவு.

கோய்ல் பொறுப்பில் இருந்த 12 லீக் ஆட்டத்தில் 7 வெற்றி, 3 டிரா, 2 தோல்வி. 24 புள்ளி. மொத்தம் 29 புள்ளியோடு 4-வது இடம் பிடித்து பிளேஆஃபுக்குள் நுழைந்தது.

அவர் கொண்டுவந்தது புது வித்தை எதுவும் இல்லை. பந்தை வேகமாக முன்னால் கொண்டு போவது, கோல் வாங்கினாலும் பரவாயில்லை, ஒரு கோல் கூடுதலாக அடிப்பது. அவ்வளவுதான். நடுவில் பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோவுக்கு சுதந்திரம், முன்னால் லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ், பக்கவாட்டில் லாலியன்சுவாலா சாங்தேவின் ஓட்டம். வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கினார். தமிழ்நாட்டுப் பையன் எட்வின் சிட்னி வான்ஸ்பால் அணியில் நிலையான இடம் பிடித்ததும் அப்போதுதான்.

கவனிங்க, இவர்கள் எல்லோருமே கோய்ல் வருவதற்கு முன்பே அந்த அணியில் இருந்தவர்கள்.

சிவகாசிக்காரர்களிடம் கேட்டால் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். பட்டாசுக்குள் மருந்து இருக்கணும், திரியும் சரியாக இருக்கணும். மருந்து இல்லாத வெடியில் எத்தனை திரி வைத்தாலும் புகைதான். மருந்து இருந்தும் திரி சரியில்லை என்றால் அதுவும் வெடிக்காது. 2019 டிசம்பரில் சென்னை அணியில் மருந்து இருந்தது. கோய்ல் திரியாக வந்தார்.

இன்னொரு உண்மையும் உண்டு. கோச் மாறும்போது அணி பொதுவாக அதன் மோசமான கட்டத்தில்தான் இருக்கும். அதற்குக் கீழே போக அதிக இடம் இருக்காது. கோல் விழாத ஸ்ட்ரைக்கருக்கு என்றைக்காவது விழத்தான் செய்யும். அதனால் வருகிற முன்னேற்றம் எல்லாவற்றையும் புது கோச் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் 4 கோல், 28 கோல் ஆவதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடவும் முடியாது.

ஆள் இல்லாத ஃபைனல்

அரையிறுதியில் லீக்கில் முதலிடம் பிடித்த எஃப்.சி. கோவாவை சென்னையில் 4-1 என்று வீழ்த்தினார்கள். கோவாவில் 2-4 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 6-5 என்று ஃபைனலுக்குப் போனார்கள்.

2020 மார்ச் 14, கோவாவின் ஃபடோர்டா மைதானம். கொரோனா பரவத் தொடங்கியதால் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே நடந்த ஃபைனலில் ஏ.டி.கே. 3-1 என்று ஜெயித்தது. சில நாட்களில் நாடே ஊரடங்கில் அடைபட்டது.

ஜம்ஷெட்பூரில் கிடைத்த கேடயம்

அடுத்த சீசனுக்கு முன்பே கோய்ல் ஜம்ஷெட்பூர் எஃப்.சி.க்குப் போனார். முதல் சீசனில் 6-வது இடம். இரண்டாவது சீசனான 2021-22-ல் 20 ஆட்டத்தில் 43 புள்ளி எடுத்து லீக் கேடயத்தை வென்றார். 2022 மார்ச் 7-ல் கடைசி லீக் ஆட்டத்தில் ஏ.டி.கே. மோகன் பகானை ரித்விக் தாஸ் கோலால் 1-0 என்று வென்றது அந்த அணி.

கேடயம் வேற, கோப்பை வேறயா என்று கேட்கலாம். ஆமாம். லீக் ஆட்டங்கள் எல்லாம் முடிந்ததும் அதிக புள்ளி எடுத்த அணிக்குக் கேடயம். அதன் பிறகு நடந்த பிளேஆஃப், ஃபைனலில் ஜெயித்த அணிக்குக் கோப்பை. மாதக்கணக்கில் சீராக ஆடினால்தான் கேடயம் கிடைக்கும். அதனால் பல கோச்கள் கேடயத்தைத்தான் பெரிதாக மதிப்பார்கள். கோப்பைக்கான அரையிறுதியில் ஜம்ஷெட்பூர் கேரளாவிடம் தோற்றது.

இங்கேதான் முக்கியமான வித்தியாசம். ஜம்ஷெட்பூரில் அவருக்கு இரண்டு சீசன் கிடைத்தது. ஆட்களைத் தேர்ந்தெடுக்க நேரம் கிடைத்தது. ஸ்காட்லாந்திலிருந்து அவர் கூட்டி வந்த கிரெக் ஸ்டீவர்ட் 10 கோல் அடித்து, 10 கோலுக்கு உதவி, அந்த சீசனின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். மருந்தையும் தானே செலுத்தி, திரியையும் தானே வைத்த சீசன் அது.

ரெண்டாவது சென்னை: ஏன் நடக்கவில்லை?

குடும்பக் காரணங்களுக்காக 2022-ல் ஸ்காட்லாந்து திரும்பினார். 1867-ல் தொடங்கிய, ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கிளப்பான குயின்ஸ் பார்க்கில் ஒரு சீசன். அங்கேயும் கடைசி நாள் சோகம். ஜெயித்தால் முதல் நிலை லீக் என்ற ஆட்டத்தில் டண்டீயிடம் 3-5 என்று தோற்றார்கள்.

2023-ல் மறுபடியும் சென்னை. 2023-24-ல் 6-வது இடம். 2019-20-க்குப் பிறகு முதல் முறையாக பிளேஆஃப். அங்கே எஃப்.சி. கோவாவிடம் 1-2 என்று தோல்வி. 2024-25-ல் 13 அணிகளில் 11-வது இடம்.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். 2019-ல் அவர் கையில் கிடைத்தது, இரண்டு வருடம் முன்பு கோப்பை வென்ற கிளப்பின் அணி. கூடவே அந்த சீசனின் டாப் ஸ்கோரர். 2023-க்குள் சாங்தே மும்பையில், அனிருத் தாபாவும் போய்விட்டார், வால்ஸ்கிஸும் இல்லை. எதிரே மோகன் பகான், மும்பை சிட்டி மாதிரி பெரிய செலவு செய்யும் அணிகள். கோச் அதே கோய்ல்தான். உள்ளே இருந்த மருந்துதான் குறைவு.

2025-ல் நிலைமை இன்னும் சிக்கலானது. அகில இந்திய கால்பந்து கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது. சீசன் தள்ளிப்போனது. பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. வருடத்துக்கு ஒரு தீபாவளியை நம்பி இருக்கும் சிவகாசித் தொழிலாளிக்கு, சீசன் தள்ளிப்போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. கால்பந்து வீரர்களுக்கும் அதே கதைதான்.

சரி, இதில் நமக்கு என்ன?

விருதுநகரில் இருந்து சென்னை மைதானம் 500 கி.மீ. தூரம். இங்கே இருக்கும் பெரும்பாலான பசங்களுக்கு ஐ.எஸ்.எல். என்பது மொபைல் திரைதான்.

ஆனால் பர்ன்லி கதையில் இருக்கும் செய்தி பெரிய நகரத்துக்கானது இல்லை. 70 ஆயிரம் பேர் இருக்கும் ஒரு ஆலை ஊர் மான்செஸ்டர் யுனைடெடை வீழ்த்தியது ஒரு கோச் வந்ததால் மட்டும் இல்லை. அந்த ஊரில் 1882-லிருந்து ஒரு கிளப் இருந்தது, மைதானம் இருந்தது, தலைமுறை தலைமுறையாக ரசிகர்கள் இருந்தார்கள். 33 வருடம் கீழே கிடந்தபோதும் அவர்கள் விட்டுவிடவில்லை. கோய்ல் வந்தபோது கொளுத்துவதற்கு அங்கே ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது.

கோச்சைக் கொண்டுவருவது ஒரு விமான டிக்கெட் வேலை. 10 வயதுப் பையனோ பொண்ணோ சாயங்காலம் ஆட ஒரு மைதானம், சொல்லிக் கொடுக்க ஒரு ஆள், வாராவாரம் மோத பக்கத்து ஊர் அணி, இதெல்லாம் 10, 15 வருட வேலை. கோய்ல் மாதிரி ஆட்கள் வருவார்கள், போவார்கள். அடுத்த முறை ஒருத்தர் வரும்போது உள்ளே மருந்து இருக்குமா என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் சென்னை மைதானத்தில் மட்டும் இல்லை, விருதுநகர் மாதிரி ஊர்களின் பள்ளி மைதானங்களிலும் இருக்கிறது.